பைய ஓடும் வேய், மருமவனே!

வாரும் வேய், மருமவனே. நடையில ஏறாதேயும், அங்கனயே நில்லும். மூச்சு வாங்காம ‘மாமா, சாப்ட்டாச்சா’ன்னு ஒரு தடவை கேளும், பாப்போம். முடியலல்லா? ‘மாமா’வுக்கும் ‘சாப்ட்டாச்சா’வுக்கும் நடுவுல ரெண்டு தடவை காத்து இழுக்கீரு. போன வாரம் காய்ச்சல்ல கம்பளிக்குள்ள கெடந்து மொனங்கின ஆளு, இன்னைக்கு விடியுமுன்ன வாய்க்காக் கரையில ஓடிட்டு வாரீரு. கையில ஒரு கடிகாரம். அது நேரத்தைத் தவிர மத்த எல்லாத்தையும் சொல்லுதாம். காலுல புது ஷூ. அதோட வெலையை மட்டும் சத்தமாச் சொல்லிராதேயும். உம்ம அத்தை காதுல விழுந்தா அடுத்த காய்ச்சல் அவளுக்குத்தான்.

எதுக்கு ஓடுதீருன்னு நேத்தே கேட்டேன். “வேர்வை வந்தா வைரஸ் எல்லாம் வெளிய போயிரும் மாமா, இம்யூனிட்டி ஏறிரும்”னீரு. பாளையங்கோட்டையில பெரிய ஆபீசுல சோலி பாக்க ஆளு, சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் வாயை மூடிக்கிட்டேன். வேர்வையில உப்பு போவும், தண்ணி போவும். கிருமி செல்லுக்குள்ள பூந்து உக்காந்திருக்கு. அது பனியனை நனைச்சுக்கிட்டு வெளிய வந்து, ‘போயிட்டு வாரேன் சார்’னு உமக்குக் கும்பிடு போடுமாக்கும்?

இந்தக் கெழவனுக்கு எங்கன இருந்து இவ்வளவு அறிவுன்னு பாக்கீரு. எல்லாம் பேத்தி புண்ணியம். பிசியோதெரபி படிக்கால்லா. அவ புஸ்தகத்தைச் சத்தம் போட்டுத்தான் படிப்பா. ஒறக்கம் வராத நான் தார்சாவுல கட்டுலுல கெடந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். வெளங்காததைக் காலையில கேப்பேன். “தாத்தா, நீங்க போயி பரீட்சை எழுதுங்க, நான் வெத்தலை போட்டுக்கிட்டு உக்காருதேன்”பா.

ஆனித் தேரு பாக்காத ஆளா நீரு? நெல்லையப்பர் தேரை நெலையில இருந்து கெளப்ப ஆயிரக்கணக்குல சனம் வடம் புடிக்கும். சக்கரத்துக்குக் கீழ சறுக்குக்கட்டையைக் கொண்டு செருகுதான் பாரும், அவனை ஒருத்தரும் போட்டோ எடுக்கமாட்டாவ. ஆனா அவன் ஒருநாள் லீவு போட்டா தேரு வாகையடி முக்குல திரும்பாது, நேரா ஒரு கடைக்குள்ள போயி நிக்கும். இழுக்க மட்டும் ஆள் இருந்தாப் போதாதுன்னு 2024 ஆனியில வடம் மாத்தி மாத்தி அறுந்தப்போ ஊரே பாத்துச்சு. ஒடம்புக்குள்ள கிருமி வந்தாலும் இந்தக் கூத்துதான். வெள்ளணு எல்லாம் கூடி வடம் புடிக்குது. சூடு, செவப்பு, வீக்கம், வலி. அழற்சின்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. அது நோய் இல்ல, நோயோட நடக்க மல்லுக்கட்டு. கிருமி ஒழிஞ்சதும் கட்டை போடணும். அதுக்கும் ஒடம்புல ஆள் இருக்கு. இன்டர்லூக்கின்-10ன்னு ஒண்ணு, அது கூட இன்னும் நாலஞ்சு. ஆனா தேரு சொன்ன ஒடனே நிக்குமா? காய்ச்சல் எறங்கின பொறவும் செலருக்கு நாள்கணக்கா, செலருக்கு வாரக்கணக்கா உள்ள உருண்டுக்கிட்டுத்தான் கெடக்கும். நீரு என்னடான்னா தெர்மாமீட்டர்ல 98ன்னு பாத்ததும் மறுபடியும் வடத்தைத் தூக்குதீரு.

மூஞ்சியைச் சுருக்காதேயும். ஓடுததே தப்புன்னு நான் எங்கன சொன்னேன்? முழுசாக் கேளும்.

டென்மார்க்குல, கோபன்ஹேகன்ல, பென்டே பீடர்சன்னு ஒரு டாக்டரம்மா. சதை சுருங்கி விரியும்போது அதுவே இன்டர்லூக்கின்-6ன்னு ஒரு சரக்கை ரத்தத்துல எறக்குதுன்னு அவங்க கூட்டம் காட்டிச்சு. சதையில இருந்து வார இந்த மாதிரிச் சரக்குக்கெல்லாம் 2003-ல மயோகைன்னு பேரு வச்சாவ. இந்த 6-ஐ நீரு அறியாம இல்ல. 2021-ல கொரோனா ரெண்டாவது அலையில மூச்சுக்குத் தவிச்சவங்க ரத்தத்துல ஏறிக் கெடந்தது இதுதான். இதை மறிக்கத்தான் டோசிலிசுமாப் ஊசிக்குச் சனம் துட்டைக் கையில புடிச்சுக்கிட்டு அலைஞ்சுது. அதே சவம் சதையில இருந்து வந்தா வேற சோலி பாக்கு! பின்னாலயே 10-ஐக் கூட்டியாருது, டி.என்.எஃப்ங்கிற அழற்சிச் சரக்கை அமத்துது. திடகாத்திரமான ஆம்பளைங்களை மூணு மணி நேரம் சைக்கிள் மிதிக்க விட்டு, மிதிக்கும்போதே கிருமியோட நஞ்சைத் துளி ஊசியில ஏத்தியே பாத்துட்டாவ. சும்மா உக்காந்திருந்தப்போ ஏத்தினா டி.என்.எஃப் ரெண்டு மூணு மடங்கு கூடுது. மிதிக்கும்போது ஏத்தினா கூடவே இல்ல.

இதைக் கேட்டதும் உம்ம காலு ஆடுது பாரும்! உக்காரும் வேய். திடகாத்திரமான ஆம்பளைங்கன்னு சொன்னேன்லா? அதுல ஒருத்தனும் காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்சவன் இல்ல.

கலிபோர்னியாவுல 48,440 கொரோனா நோயாளியோட கணக்கைப் பாத்து 2021-ல எழுதினாவ. வாரத்துக்கு 150 நிமிசமாவது தவறாம நடந்தவங்களைவிட, அசையாமக் கெடந்தவங்கதான் கூடுதலா ஆஸ்பத்திரியில படுத்தாவ, கூடுதலாச் செத்தும்போனாவ. அது நோய் வாரதுக்கு முந்தி ரெண்டு வருசம் நடந்த நடை வேய். நோய் வந்த பொறவு ஓடின ஓட்டம் இல்ல. நீரு அந்த ரெண்டு வருசமும் நடந்தது வீட்டு வாசல்ல இருந்து பைக்கு வரைக்கும். தொப்பைக்குள்ள இருக்க கொழுப்பும் சும்மா கெடக்காது, நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா அழற்சிச் சரக்கைக் கசிய விட்டுக்கிட்டே இருக்கும்னு பேத்தி சொல்லுதா. விட்ட நடைக்கெல்லாம் சேத்து வட்டியோட ஒரே காலையில ஓடிப்புடலாம்னு நெனைச்சீரு போல.

எலியும் ஓடிப் பாத்துட்டு. அமெரிக்காவுல ஃப்ளூ கிருமியை ஏத்தி, நோய் முத்துததுக்கு முந்தி, தினம் ஒரு 20, 30 நிமிசம் பைய ஓட விட்ட எலி, சும்மா கெடந்த எலியைவிடக் கூடுதலாப் பொழைச்சுது. 2005-ல எழுதினாவ. ரெண்டரை மணி நேரம் ஓட வச்ச எலிக்கு அந்த லாபம் கெடைக்கல. எலிக்குக் கடிகாரம் கெடையாது, அதனால அது யாருகிட்டயும் பீத்திக்கிடவும் இல்ல.

மனுசன் கணக்கு கேக்கீரா? 1987-ல லாஸ் ஏஞ்சல்ஸ் மாரத்தான். டேவிட் நீமன்னு ஒருத்தர், ஓடினவங்களுக்கு அடுத்த வாரம் என்ன ஆச்சுன்னு விசாரிச்சாரு. 100-க்கு 13 பேருக்குச் சளி, காய்ச்சல். அதே மாதிரிப் பயிற்சி எடுத்துட்டு அன்னைக்கு ஓடாம இருந்தவங்கள்ல 100-க்கு 2 பேருக்குத்தான். அந்தால கெளம்பிட்டாவ, கடுமையா ஓடினா எதிர்ப்புச் சக்தி செத்துப்போவும்னு. ஓடி முடிச்ச ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல ரத்தத்துல வெள்ளணுல ஒரு ரகத்தோட எண்ணிக்கை கொறையுதுல்லா, அதைச் சாட்சிக்கு வச்சாவ. 2018-ல இங்கிலாந்துல பாத் பல்கலைக்கழகத்து கேம்பலும் டர்னரும் ‘அது சாவலடே, ரத்தத்தை விட்டு நுரையீரலுக்கும் குடலுக்கும் காவலுக்குப் போயிருக்கு’ன்னு மறுப்பு எழுதினாவ. மாரத்தான் கூட்டத்துல ஆயிரம் பேரு இருமுதான், முந்தின ராத்திரி ஒறக்கமில்ல, சளி சளின்னு சொன்னதும் டாக்டர் சொன்னதில்ல, ஓடினவனே சொல்லிக்கிட்டது. இதுல ரெண்டு கூட்டமும் இன்னும் ஒத்துப்போவல. எனக்குப் பாத்காரங்க சொல்லுததுதான் சரின்னு படுது. ஆனா அவங்க பேசுதது நல்லா இருக்க ஒடம்பைப் பத்தி. உம்மளைப் பத்தி அவங்களுக்குத் தெரியாது, எனக்குல்லா தெரியும்!

நேத்து இன்னொண்ணும் சொன்னீரு. தாமிரபரணியில தண்ணி நல்லாப் போவுது, கோயில் படித்துறையில இருந்து அக்கரைக்கு நீஞ்சினா ஒடம்பு முறுக்கேறிரும்னு. அதுக்கும் ஒரு எலி இருக்கு. காக்சாக்கின்னு ஒரு கிருமி. சளி, காய்ச்சல்ல ஆரம்பிச்சு சில சமயம் நெஞ்சுச் சதைக்குள்ள பூந்துக்கிடும். அந்தக் கிருமியை ஏத்தி, எலியைத் தொட்டித் தண்ணியில வலுக்கட்டாயமா நீஞ்ச விட்டாவ, 1970-ல. நீஞ்சின எலியோட நெஞ்சுல கிருமி பல மடங்கு பெருகிப்போச்சு. சும்மா கெடந்த எலி பெரும்பாலும் தப்பிச்சுது. நீஞ்சினதுல நெறைய எலி அக்கரை சேரல, பரலோகம் சேந்துட்டு. அதனாலதான் நெஞ்சுச் சதையில அழற்சின்னு தெரிஞ்சா ஓட்டக்காரன், பந்துக்காரன் எவனா இருந்தாலும் மூணுல இருந்து ஆறு மாசம் மைதானத்துப் பக்கமே போவக்கூடாதுங்காவ. ஃப்ளூவுலயும் வரும், கொரோனாவுலயும் வரும், டெங்குலயும் வரும். அடிக்கடி வாரதில்ல. ஆனா வந்தா காய்ச்சல் மாதிரி போத்திக்கிட்டுப் படுத்தாத் தீராது.

போன தீவாளிக்கு வாட்ஸ்அப்புல ஒண்ணு அனுப்பினீரே, தடுப்பூசி போட்டவன்லாம் ஜிம்முல விழுந்து சாவுதான்னு. நான் பதிலு போடல. ஐ.சி.எம்.ஆர் 2023 நவம்பர்ல அதை ஆராய்ச்சி பண்ணி எழுதிட்டு. நாடு பூரா 47 ஆஸ்பத்திரி, 18-ல இருந்து 45 வயசுக்குள்ள, காரணம் தெரியாம திடீர்னு செத்த 729 பேரு. அவங்களுக்கு ஒப்பா உசுரோட இருக்க 2,916 பேரையும் விசாரிச்சாவ. தடுப்பூசி ரெண்டு தடவை போட்டவங்களுக்கு ஆபத்து கொறைச்சல்தான். கூடுதலா இருந்தது யாருக்கு? கொரோனாவுக்கு ஆஸ்பத்திரியில கெடந்தவனுக்கு. வீட்டுல யாராவது திடீர்னு போயிருந்தவனுக்கு. சாவுக்கு முந்தின 48 மணி நேரத்துல மொடாக்குடி குடிச்சவனுக்கு. அதே 48 மணி நேரத்துல ஒடம்பைப் போட்டுக் கடுமையா முறுக்கினவனுக்கு. இதுதான் கொன்னுச்சுன்னு அவங்க சத்தியம் பண்ணல. சேந்து வருதுன்னுதான் சொன்னாவ. மறுபடியும் அனுப்பும், இப்போ பதிலு போடுதேன்.

நிலவேம்புக் கசாயம் குடிச்சுட்டுத்தான் ஓடுதேன்னு சொல்ல வாயெடுக்கீரு, தெரியுது. 2012-ல நம்ம மாவட்டத்துல டெங்கு ஆடின ஆட்டம் எனக்கு மறக்கல. கடையநல்லூர்ல தெருவுக்குத் தெரு காய்ச்சல். அப்போ அது நம்ம திருநெல்வேலி மாவட்டம், 2019-லதான் தென்காசியைப் பிரிச்சாவ. அந்த வருசம்தான் சர்க்கார் அண்டா வச்சு நிலவேம்புக் குடிநீர் ஊத்திச்சு. நிலவேம்பு, வெட்டிவேரு, விலாமிச்சு வேரு, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கெழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம்னு ஒம்பது சரக்கு. கசப்பு நாக்கைத் தாண்டி காதுக்கு வந்துரும். குடிக்காதேயும்னு நான் சொல்லல. அதைக் குடிச்சுட்டா ஓட லைசென்ஸ் கெடைச்ச மாதிரி நெனைக்கீரு பாரும், அங்கனதான் சிரிப்பு வருது. டெங்குல காய்ச்சல் எறங்கின அந்த ஒண்ணு ரெண்டு நாளுதான் கண்டம். ரத்தக் கொழாயில இருந்து தண்ணி கசியுததும், தட்டணு அடியில கெடக்கதும் அப்போதான். வயித்துவலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம்னு வந்தா அது ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரம், வ.உ.சி. மைதானத்துக்கு இல்ல.

சித்த வைத்தியத்துல மறுபத்தியம்னு ஒண்ணு உண்டு. மருந்து சாப்பிட்டு முடிச்ச பொறவும் கொஞ்ச நாளு பத்தியத்தை விடாம இருக்கணும். பாளையங்கோட்டையில 1964-ல இருந்து சித்த மருத்துவக் கல்லூரி நடக்கு, உம்ம ஆபீசுக்குப் போற வழிதான், ஒருநாள் எறங்கிக் கேளும். அம்மை போட்டா என்ன பண்ணுவாவ? முதல் தண்ணி, ரெண்டாம் தண்ணி, மூணாம் தண்ணின்னு மஞ்சளும் வேப்பெலையும் போட்டு ஊத்துற வரைக்கும் வீட்டை விட்டு அசைய முடியாது. அம்மன் போட்ட ஊரடங்கு அது, எந்த ஆபீசரும் மீறமாட்டான். உடனே ‘நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் அல்ல’ன்னு போட்டு எனக்கு அனுப்பிராதேயும். முன்னோர்ல எத்தனையோ பேரு பெரியம்மையிலதான் போனாவ. தண்ணி ஊத்துனதுக்காகக் கிருமி போவல. ஆனா நோயாளியை எழும்ப விடாம ஒரு சாக்கு வச்சிருந்தாவல்லா, அது பலிச்சுது. உமக்கு அப்படி ஒரு சாக்கு இல்ல. உம்ம ஆபீசுல மூணு நாள் லீவுக்கு மேல போனா அம்மனே சர்ட்டிபிகேட்டு கொண்டாரணும்.

அப்போ படுத்தே கெடக்கணுமான்னு கேப்பீரு. அதுக்குத்தான் உம்ம அத்தை கதை.

2006-ல சிக்குன்குனியா வந்துச்சு. முப்பது வருசத்துக்கு மேல நாட்டுல தலைகாட்டாம இருந்த சனியன். அந்த வருசம் இந்தியா பூரா ஏறக்குறைய 14 லட்சம் பேருக்குன்னு சர்க்கார் கணக்கு. தமிழ்நாட்டுல மட்டும் 64,000-த்துக்கு மேல. கணக்குல ஏறாதவங்க எங்க தெருவுலயே பாதி. நம்ம முக்கூடல் பீடி ஊரு, பொம்பளைங்க கை நின்னா அடுப்பும் நிக்கும். உம்ம அத்தை மடியில சொளவை வச்சுக்கிட்டு உக்காந்தா, இலையைக் கத்திரியால நறுக்கி, தூளை அள்ளி வச்சு, சுருட்டி, நூலைச் சுத்தி, தலையை மடக்கிக் குத்துததுக்கு நீரு கொட்டாவி விடுத நேரம் ஆவாது. கண்ணு அந்தப் பக்கம் டிவியில இருக்கும். அவளுக்குக் காய்ச்சல் சீக்கிரமே விட்டுட்டு. விட்ட பொறவுதான் கூத்து. காலையில சொம்பைத் தூக்கப் போனா விரல் மடங்கல. மடங்கினது விரியல. கத்திரி வளையத்துக்குள்ள பெருவெரலு நொழையல, அம்புட்டு வீக்கம். காப்பித் தம்ளரை ரெண்டு மணிக்கட்டுக்கும் நடுவுல இடுக்கித் தூக்கிக் குடிப்பா. கோலம் போடக் குனிஞ்சவ நிமிரணும்னா சொவரு வேணும், இல்லன்னா நான் வேணும். சொவருதான் நல்லதுன்னா.

எங்க ஆத்தா இருந்தா அப்போ. “அசையாம கெட, அசைஞ்சா வாதம் எறங்கிரும்”னா. பீடிக் கடைக்காரன், “ஆயிரம் எண்ணம் எங்கம்மா, இலை வாங்கிட்டுப் போனியேல்லா”ன்னான். ரெண்டு பேரு பேச்சையும் கேட்டுக்கிட்டு, ரெண்டையும் செய்யாம இருந்தா பாரும் உம்ம அத்தை! பெரியாஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா சொன்னாவளாம், வீக்கம் கொதிக்க நாளுல விட்டுரு, தணிஞ்சதும் மூட்டை மடக்கி நீட்டாம வச்சிருந்தா அப்படியே எறுகிப்போவும்னு. காலையில வெதுவெதுன்னு ஒரு வாளித் தண்ணி. அதுக்குள்ள கையை விட்டுக்கிட்டு, வெரலு வெரலா மடக்குவா, நீட்டுவா. மொதல்ல இலை மட்டும் நறுக்கினா, சுருட்டல. பொறவு ஒரு கட்டு. மறுநாள் மணிக்கட்டு வீங்கியிருந்தா அன்னைக்குச் சொளவைத் தொடமாட்டா, கடைக்காரன் வாசல்ல நின்னாலும் சரி. வீங்கலைன்னா இன்னொரு கட்டு. பழைய ஆயிரத்துக்கு வர மாசக்கணக்கு ஆச்சு. தெருவுல ஆத்தா பேச்சைக் கேட்டு அசையாமக் கெடந்தவங்களும் உண்டு, ஒரே நாளுல ஆயிரத்துக்கு உக்காந்தவங்களும் உண்டு. ரெண்டு கூட்டமும் அடுத்த தையிலயும் சொவரைப் புடிச்சுத்தான் நடந்தாவ.

பிரேசில்ல இதே நோயில நாள்பட்டுக் கஷ்டப்பட்டவங்களை 12 வாரம், வாரம் ரெண்டு தடவை, பிலாட்டீஸ்னு ஒரு பயிற்சி செய்யவச்சு, வலி கொறையுது, கை கால் நல்லா மடங்குதுன்னு 2019-ல எழுதியிருக்காவளாம். பேத்தி படிச்சா. உம்ம அத்தை அடுப்படியில இருந்து, “அதுக்குப் பீடி சுத்தினாக் கூலியாவது வரும்”னா. பீடி கெட்ட சரக்குதான், அது வேற பேச்சு.

அவ பண்ணுனதுல ஒரு சூச்சுமம் இருக்கு. இன்னைக்கு முடியுதான்னு அவ பாக்கல. நாளைக்கு வீங்குதான்னு பாத்தா. உம்ம கடிகாரம் இன்னைக்கு நாடியை இன்னைக்கே சொல்லிரும். ஒடம்பு அப்படி இல்ல. சண்டை ஓயாத ஒடம்புல இன்னைக்கு ஓடுனதுக்கு நாளைக்கு, நாளான்னிக்குத்தான் பில்லு வரும். நீரு இன்னைக்கு நல்லா இருக்கேன்னு நாளைக்கு இன்னும் ஒரு மைலு கூட்டுவீரு.

செல பேருக்கு இந்தப் பில்லு கட்டவே முடியாத பில்லாப் போயிருது. காய்ச்சல் விட்டு மாசக்கணக்காகியும், ஒரு மாடி ஏறினா ரெண்டு நாளு கட்டுலு. கொரோனாவுக்குப் பொறவு இது நெறையப் பேருக்கு. சோம்பேறின்னு வீட்டுலயே ஏசுவாவ, நானும் ஏசுத ஆளுதான். 2011-ல இங்கிலாந்துல, இந்த மாதிரித் தீராத அசதிக்காரங்களைப் படிப்படியாப் பயிற்சியைக் கூட்டிக்கிட்டே போனாத் தேறிருவாவன்னு ஒரு பெரிய ஆராய்ச்சி வந்துச்சு. நோயாளிங்க, ‘அய்யா, எங்களுக்கு இன்னும் மோசமாப் போவுது’ன்னு கத்தினாவ. பத்து வருசம் மல்லுக்கட்டு. கடைசியில 2021 அக்டோபர்ல அந்த நாட்டுச் சர்க்காரோட மருத்துவ வழிகாட்டி அமைப்பே, கணக்குப் போட்டு வாராவாரம் கூட்டுத பயிற்சி இவங்களுக்கு வேண்டாம்னு எழுதிட்டு. 2024-ல ஆம்ஸ்டர்டாம்ல, கொரோனாவுக்குப் பொறவு இப்படி அசந்து கெடந்த 25 பேரைச் சைக்கிள் மிதிக்க வச்சு, முன்னும் பின்னும் தொடையில இருந்து துளிச் சதையைக் கிள்ளி எடுத்துப் பாத்தாவ. மிதிச்ச பொறவு சதை நாரு சிதைஞ்சு கெடந்துச்சு. செல்லுக்குச் சக்தி குடுக்க மைட்டோகாண்ட்ரியா சுணங்கிப்போச்சு. கொரோனா வந்து நல்லாத் தேறினவங்களுக்கு அம்புட்டு இல்ல. அந்தப் பேப்பரைப் பேத்தி படிச்சு முடிச்ச பொறவு, மேலத்தெருவுல ஒருத்தனைச் சோம்பேறின்னு கூப்புடுததை நான் விட்டுட்டேன். வேற பேரு வச்சிருக்கேன், அது அவன் கடன் வாங்கினதுக்கு.

உமக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. உமக்கு இருக்கது அவசரம். அதுக்கு நானே ஒரு அட்டவணை போட்டுத் தாரேன், ஃபீசு வேண்டாம்.

பாராசிட்டமால் போடாமலே காய்ச்சல் வராம இருக்கணும், இருமல் அடங்கணும், ராத்திரி ஒறக்கம் வரணும். கொரோனா வந்தவனுக்குப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல 2021-ல போட்டது என்னன்னா, அறிகுறி எல்லாம் போயி 7 நாளு கழிச்சுத்தான் ஆரம்பமே. மொத 2 வாரம் மேலு நோவாத அசைவு மட்டுந்தான். சாதாரணச் சளி, மூக்குல மட்டும் ஒழுகுது, கழுத்துக்குக் கீழ ஒண்ணும் இல்லன்னா பைய நடக்கலாம், தப்பில்ல. நெஞ்சுவலி, படபடப்பு, நடந்தா மயக்கம், மூச்சு முட்டுதுன்னு ஏதாவது வந்தா அட்டவணையைக் கிழிச்சுப் போட்டுட்டு ஆஸ்பத்திரியில ஈ.சி.ஜி. எடும். அதுல விளையாட்டு கூடாது.

மொத வாரம் தெருமுக்குக் கடை வரைக்கும். வெறுங்கையா நடந்தா போரடிக்கும்லா, எனக்குக் கொஞ்சம் வெத்தலை வாங்கிட்டு வாரும். போம்போதும் வரும்போதும் உம்ம அம்மைக்குப் போன் போட்டுப் பேசும். மூச்சு எரைக்காமப் பேச முடிஞ்சா சரியான நடை. பேச்சு அறுந்தா நடையைக் கொறையும். அவ எப்படியும் போனை வைக்கமாட்டா, அதனால நெறையப் பயிற்சி ஆவும். ரெண்டாவது வாரம் முத்துமாலை அம்மன் கோயில் வரைக்கும். எனக்கும் சேத்துக் கும்பிட்டுட்டு, படித்துறையில காலை மட்டும் நனைச்சுட்டு வாரும். மூணாவது வாரம் பஸ் ஸ்டாண்டு. அங்கன பேப்பர் சீக்கிரம் வந்துரும், எதுத்த வீட்டுக்காரன் படிக்கதுக்கு முந்தி எனக்கு வேணும். அதுக்குப் பொறவு சைக்கிளை எடுத்துக்கிட்டு பாப்பாக்குடிப் பக்கம் ஒரு மிதி. அங்கன எனக்கு வர வேண்டிய துட்டு கொஞ்சம் நிக்கு, கேட்டுட்டு வாரும். அவன் தரமாட்டான், ஆனா போயிட்டு வந்தா உமக்கு நல்லது. ஒவ்வொரு தடவையும் மறுநாள் மேலு என்ன சொல்லுதுன்னு பாத்துட்டுத்தான் அடுத்தது. சுணங்கினா முந்தின வாரத்துக்கு எறங்கிரும். பேப்பர் வராட்டா பரவாயில்ல, எதுத்த வீட்டுல போயிப் படிச்சுக்கிடுதேன். கடைசியா நெல்லை டவுனுக்குப் போயி அரைக் கிலோ அல்வா. அதுக்கு மட்டும் நடக்காண்டாம், பஸ்ஸுல போம், ஆறிப்போவும்.

என்னத்துக்குச் சிரிக்கீரு? மருந்துக்கு வைத்தியன் கூலி வாங்க மாட்டானா?

இன்னைக்குக் கணக்கு உமக்கு முடிஞ்சுபோச்சு, ஓடிட்டு வந்துட்டீருல்லா. போயிக் கஞ்சி குடிச்சுட்டுப் படும். நாளைக்கு மேலு நல்லா இருந்தா சாயங்காலமா வெத்தலைக்குப் போம். கொழுந்தாப் பாத்து எடும், காஞ்சதைத் தலையில கட்டிருவான். ஒரு துண்டு கொட்டப்பாக்கு, நீத்தின சுண்ணாம்பு. துட்டா? உம்ம போன்ல காட்டினா அவனே எடுத்துக்கிடுவான்லா, அதுக்கு என்னைய எதுக்குக் கேக்கீரு?